வேலையாக வெளிநாடு போனால் வாசிப்பு ஏன் நின்றுவிடுகிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 27 வயது. கோவையில் ஸ்பின்னிங் மெஷினரி செய்யும் கம்பெனி ஒன்றில் எரக்‌ஷன் என்ஜினியர். ஊரில் இருந்தால் மாதம் மூன்று புத்தகம் படித்துவிடுகிறார். வெளிநாட்டு மில்லில் மெஷினைப் பொருத்தி ஓட்டிக்கொடுக்கப் போனாலோ, ஆறு வாரத்தில் முப்பது பக்கம் தாண்டுவதில்லை. "கொண்டுபோன புத்தகம் போன மாதிரியே திரும்பி வருகிறது. கிண்டில் வாங்கினால் சரியாகுமா? அங்கெல்லாம் தமிழ்ப் புத்தகத்துக்கு எங்கே போவது? ராத்திரி ரூமுக்கு வந்தால் படிக்கவே தோன்றுவதில்லையே, அது ஏன்?" என்று மூன்று கேள்வி. அடுத்த மாதம் துருக்கியில் காஸியான்டெப் போகிறாராம்.

நானும் இதே தொழில்தான் பார்த்தேன், 19 வருடம். டாக்கா பக்கம் காஜிபூர், நாராயண்கஞ்ச். துருக்கியில் காஸியான்டெப், பர்சா. வியட்நாம், உஸ்பெகிஸ்தான், இந்தோனேசியா. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷின் எங்கே போனாலும் பின்னாலேயே நானும் போனேன். அதனால் உங்களைத் தம்பி என்றே கூப்பிடுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதுதான் அசல் கேள்வி. மற்ற இரண்டும் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

எல்லோரும் சொல்லும் காரணம் நேரமில்லை, அசதி. அசதி உண்மை. நேரமில்லை என்பது பொய். கெஸ்ட் ஹவுஸில் சமைக்க வேண்டாம், துணி துவைக்க ஆள் உண்டு, சொந்தக்காரர் கல்யாணம் கிடையாது, கேஸ் சிலிண்டர் புக் செய்ய வேண்டியதில்லை. ஏழு மணிக்கு ரூமுக்கு வந்தால் தூங்கப் போகும் வரை மூன்று மணி நேரம் சும்மாதான் இருக்கிறோம். 2009இல் காஸியான்டெப்பில் நான் அந்த மூன்று மணி நேரத்தை என்ன செய்தேன் என்று நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வார்த்தைகூடப் புரியாத துருக்கி சீரியல் பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஊரிலிருந்து கொண்டுவந்த நான்கு புத்தகம் அடுக்கி வைத்திருந்தேன். தினமும் ஒன்றை எடுப்பேன், இரண்டு பக்கம் புரட்டுவேன், இன்றைக்கு இது வேண்டாம் என்று வைப்பேன். அடுத்ததை எடுப்பேன். அதற்குள் சீரியல் ஆரம்பித்துவிடும். 40 நாளில் அந்த நான்கில் ஒன்றையும் முடிக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து டாக்கா போகும்போது விமான நிலையத்தில் பெட்டி எடை கூடிவிட்டது. கவுன்ட்டரில் இருந்த பெண் எதையாவது எடுங்கள் என்கிறார். டூல்ஸை எடுக்க முடியாது. மீதி இருந்தது எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலும் நான்கு புத்தகமும். ஊறுகாயை விட மனசு வரவில்லை. மூன்று புத்தகத்தை வழியனுப்ப வந்த மைத்துனரிடம் கொடுத்துவிட்டு ஒன்றோடு போனேன். அதை 11 நாளில் முடித்தேன். அப்புறம் படிக்க எதுவும் இல்லாமல் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அசந்து வருகிறவனுக்குப் படிப்பது கஷ்டமில்லை. எதைப் படிப்பது என்று முடிவெடுப்பதுதான் கஷ்டம். பகல் முழுக்க முடிவெடுத்தே தலை காய்ந்திருக்கும். ஃபவுண்டேஷன் லெவல் சரியா, அந்தப் பேரிங்கை மாற்றலாமா, கஸ்டமர் கத்துகிறாரே யாருக்கு மெயில் போடுவது என்று. ராத்திரி எட்டு மணிக்கு இன்னொரு முடிவு என்றால் தலை மறுத்துவிடும். ரிமோட்டை அழுத்துவதற்கு முடிவெடுக்க வேண்டியதில்லை, அதனால் டிவி ஜெயிக்கிறது. இப்போது உங்கள் காலத்தில் போன் ஜெயிக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஊரில் இந்தப் பிரச்சினை வராததற்குக் காரணம், அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் அலமாரி முன்னால் சாவகாசமாக நின்று தேர்ந்தெடுக்கிறீர்கள். புத்தகம் நாற்காலியிலேயே கிடக்கிறது, உட்கார்ந்ததும் கைக்கு வருகிறது.

ஆகவே தேர்ந்தெடுக்கும் வேலையை ஊரிலேயே முடித்துவிட்டு விமானம் ஏறுங்கள். ரூமில் எட்டு மணிக்குக் கை தானாகப் போய் எடுக்க ஒரே ஒரு புத்தகம்தான் இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு தந்திரம் உண்டு. அந்தப் புத்தகத்தை ஊரிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். குறைந்தது ஐம்பது பக்கம். எந்த நாவலிலும் முதல் ஐம்பது பக்கம் ஏற்றம் மாதிரி. யார் யாருக்கு என்ன உறவு, எந்த ஊர், எந்தக் காலம் என்று மூச்சு வாங்கும். அதை வீட்டு நாற்காலியில் ஏறி முடித்துவிட்டால் பிறகு இறக்கம்தான். விமானத்தில் திறக்கும்போது ஏற்கனவே தெரிந்த ஆட்களிடம் போகிறீர்கள். புது ஊரில், புது ரூமில், புது சாப்பாட்டுக்கு நடுவே தெரிந்த முகம் என்பது சின்ன விஷயமில்லை.

பயணத்துக்குச் சிறுகதைதான் தோது என்று நிறையப் பேர் சொல்வார்கள், சின்னதாக இருக்கிறது, உட்கார்ந்த இடத்தில் முடிந்துவிடும் என்று. எனக்கு அது சரிவரவில்லை. ஒவ்வொரு கதையும் ஒரு புது ஏற்றம். பத்துப் பக்கத்தில் ஆட்களைப் பழகி முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும். மறுநாள் ராத்திரி மறுபடி அறிமுகப் படலம். நீண்ட நாவல்தான் எரக்‌ஷன்காரனுக்கு நண்பன். ஆனால் ‘ஆறு வாரம் கிடைக்கிறதே, இத்தனை வருடமாகப் பயந்துகொண்டிருந்த அந்தப் பெரிய தத்துவப் புத்தகத்தை இப்போதாவது முடித்துவிடலாம்’ என்று மட்டும் கிளம்பாதீர்கள். வீட்டில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து படிக்க முடியாததை காஜிபூரில் கொசுவத்திப் புகைக்கு நடுவே படிக்க முடியாது. நான் அப்படி ஒன்றை மூன்று நாட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். அட்டை மட்டும்தான் உலகம் சுற்றியது.

கவிதை வேறு கணக்கு. டாஃப் விழ, அதாவது நூல் நிரம்பிய காப்களைக் கழற்றி எடுக்க, காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அதற்குக் கவிதைதான். டிராயல் ஓட்டும்போது நூல் சுற்றிக்கொள்ளும் காப் நிரம்பும் வரை நமக்குப் பெரிய வேலை கிடையாது. கவுண்டை, அதாவது நூலின் சன்னத்தைப் பொறுத்து இரண்டு மணியோ நான்கு மணியோ ஆகும். மெஷினை விட்டுப் போகவும் முடியாது, உட்கார்ந்து நாவலில் மூழ்கவும் முடியாது. எங்காவது நூல் அறுந்துகொண்டே இருக்கும், யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அங்கே நான் குறுந்தொகைதான் வைத்திருந்தேன். பாட்டெல்லாம் பெரும்பாலும் 4 முதல் 8 அடி. ஒரு பாட்டைப் படித்துவிட்டுப் போனை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஃபிரேமை ஒரு சுற்று சுற்றி வந்தால், அந்தச் சுற்றில் பாட்டு மனசில் ஓடிக்கொண்டிருக்கும். 400 பாட்டு இருக்கிறது, எத்தனை மில் வேண்டுமானாலும் தாங்கும். உ.வே.சா. 1937இல் உரையோடு பதிப்பித்தது இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கிறது. பாலைத் திணைப் பாட்டுகளில் பொருள் தேடப் போனவனை நினைத்து வீட்டில் ஒருத்தி புலம்பிக்கொண்டிருப்பாள். அதை நாராயண்கஞ்ச் மில்லுக்குள் பஞ்சுத் தூசிக்கு நடுவே படிக்கும்போது, இந்த ஆளுக்கு ஒரு நாளைக்குப் பேட்டா எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ராத்திரியில் எந்த நேரம் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். நாட்டுக்கு நாடு இது மாறும், காரணம் வீட்டுக்குப் பேசும் நேரம். துருக்கி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே எட்டு மணி என்றால் ஊரில் பத்தரை. அதற்குள் பேசி முடித்தாக வேண்டும், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள், இரண்டு மணி நேரம் முழுசாக உங்களுடையது. துருக்கி மாதிரி படிக்க வசதியான நாடு எனக்கு அமைந்ததே இல்லை. வியட்நாமில் தலைகீழ். அது நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். வீட்டில் வேலையெல்லாம் முடிந்து ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் நமக்குப் பத்தரை, கண் சொருகும். அங்கே போனுக்கு முன்னால்தான் படிக்க வேண்டும், குளித்துவிட்டு வந்த கையோடு. பங்களாதேஷ் அரை மணி முன்னால், உஸ்பெகிஸ்தான் அரை மணி பின்னால், அதனால் ஊர் மாதிரியேதான்.

சரி, கிண்டில்.

வாங்குங்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. ‘ஆயிரம் புத்தகத்தைக் கையில் கொண்டுபோகலாம்’ என்றுதான் அதை விற்கிறார்கள். நான்கு புத்தகத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் சீரியல் பார்த்தவன் கையில் ஆயிரத்தைக் கொடுத்தால் என்ன ஆவான்? அட்டைகளைத் தள்ளிக்கொண்டே தூங்கிப்போவான். எனக்கு அதன் பயன் வேறு இரண்டு. ஒன்று, வெளிச்சம். கெஸ்ட் ஹவுஸில் ரூமை இன்னொருத்தரோடுதான் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். என்னோடு வந்த எலக்ட்ரீஷியன் ஒன்பதரைக்கு லைட்டை அணைத்துவிடுவார், மனுஷர் மேல் குற்றமில்லை. இப்போது வரும் கிண்டிலுக்குள்ளேயே விளக்கு இருக்கிறது; அதை மங்கலாக வைத்துப் படித்தால் பக்கத்துக் கட்டிலுக்குத் தெரியாது. இரண்டு, எடை. பேப்பர்வைட் மாடல் சுமார் 200 கிராம். என்னிடம் உள்ள 320 பக்க டெமி சைஸ் நாவலைச் சமையலறைத் தராசில் வைத்தால் 360 கிராம் காட்டுகிறது. பல விமானங்களில் கைப்பை 7 கிலோதான் என்னும்போது, அதில் லேப்டாப், சார்ஜர், ஒரு செட் துணி எல்லாம் போக, இது கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம்தான்.

போனிலேயே படிக்கலாமே என்பீர்கள். கவிதைக்குச் சரி. நாவலுக்கு வேண்டாம், மூன்றாவது பக்கத்தில் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது போட்டோ போடுவார்கள்.

கிண்டிலில் தமிழ் இப்போது பிரச்சினையே இல்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கடையில் தமிழ் மின்னூல்கள் வந்தன. அதிலிருந்து பதிப்பகங்களும் எழுத்தாளர்களும் நிறையவே ஏற்றிவிட்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டில் இருக்கும்போது கணக்கின் நாட்டை அந்த நாட்டுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டால் மாற்றாதீர்கள். கடை மாறினால், கிண்டிலுக்குச் சந்தா கட்டியிருந்தால் அது உங்களோடு கூட வராது. இரண்டு மாதத்தில் திரும்பி வருகிறவருக்கு அந்த வம்பு எதற்கு?

இலவசமாக எடுக்க இடங்கள் உண்டு. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று ஆரம்பித்தது. சங்க இலக்கியம் தொடங்கி நாட்டுடைமையான எழுத்துகள் வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றியிருக்கிறார்கள். அதை நடத்திவரும் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் இருப்பவர். ஊரை விட்டுப் போனவர்கள்தான் இந்த வேலைக்கு முன்னால் நிற்கிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமில்லை, புத்தகம் இல்லாத ராத்திரி எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் படைப்பாளிகளே பொது உரிமத்தில் கொடுத்த நூல்கள் உண்டு. அங்கே ஈபப் என்னும் மின்னூல் கோப்பு மட்டுமில்லாமல் ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவாக வடிவமைத்த பிடிஎஃபும் போடுகிறார்கள். ஈழத்து நூல், பழைய இதழ் எதுவாக இருந்தாலும் 2005இலிருந்து நூலகம் தளம் சேர்த்துவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நூறு வருடப் பழைய பதிப்பெல்லாம் ஸ்கேனாக இருக்கிறது. ஸ்கேன் பிடிஎஃபை மட்டும் கிண்டிலில் எதிர்பார்க்காதீர்கள். எழுத்து எறும்பு மாதிரி தெரியும், பெரிதாக்கினால் வரிக்கு வரி தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு லேப்டாப்தான்.

ஈபப் கோப்பைக் கேபிள் போட்டு நேராக கிண்டிலில் காப்பி செய்தால் திறக்காது. அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ வழியாக அனுப்பினால் அதுவே மாற்றிக் கொடுத்துவிடும். அதற்கு நெட் வேண்டும், அதனால் இதையும் ஊரிலேயே செய்துவிடுங்கள்.

ஊரிலேயே ஊரிலேயே என்று நான் அடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருமுறை கிண்டிலில் பத்து அட்டை அழகாகத் தெரிந்தது. சரி, எல்லாம் இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். மில் கெஸ்ட் ஹவுஸில் போய்த் தொட்டால் ஒன்றும் திறக்கவில்லை. அட்டை மட்டும்தான் வந்திருந்தது, புத்தகம் இறங்கவே இல்லை. அங்கே வைஃபை ஆபீஸ் கட்டடத்தில் மட்டும். யாரையும் குறை சொல்ல முடியாது, நான்தான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து கிளம்பும் முந்தின நாள் ஃப்ளைட் மோடில் போட்டு ஒவ்வொரு புத்தகத்தையும் திறந்து, நடுவில் ஒரு பக்கத்துக்குத் தாவிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்பேன். மெஷினை அனுப்பும் முன்பு டெஸ்ட் ரன் எடுக்கிறோமா இல்லையா, அதே மாதிரி.

நெட் இருந்தாலும் எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பங்களாதேஷில் 2024 ஜூலையில் போராட்டம் வெடித்தபோது நாடு முழுக்க இணையத்தை நாட்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். துருக்கியில் 2017 ஏப்ரலிலிருந்து 2020 ஜனவரி வரை விக்கிப்பீடியாவே திறக்காது. சீனாவில் கூகுள் டிரைவில் வைத்ததை நம்பிப் போனால் கதை கந்தல். அங்கே அமேசான் 2023 ஜூனோடு கிண்டில் கடையையே மூடிவிட்டது. ஆக, கையில் இறக்கி வைத்ததுதான் உங்களுடையது.

கிண்டிலை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். என்னுடைய முதல் கிண்டில் பர்சாவில் செத்தது. நான்தான் கொன்றேன்: லேப்டாப் பையில் டயல் கேஜ் பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே செருகிவிட்டுப் பையை வேனில் எறிந்தேன். எடுத்துப் பார்த்தால் திரையில் குறுக்காகக் கோடு, பாதிப் பக்கம் வெள்ளை. அந்த வகைத் திரைக்குள் கண்ணாடி இருக்கிறது, வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே உடைந்துபோகும். அதனால் கெட்டியான கவர் போட்டு, துணிக்கு நடுவே, கைப்பையில். பவர் பேங்க் எப்படியும் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போட விடமாட்டார்கள்.

இந்தக் கதைக்காகத்தான் தாள் புத்தகம் ஒன்றையும் விடாமல் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நான் செய்துவந்தது இதுதான்: ஆறு வாரத்துக்கு ஒரு தாள் புத்தகம், அதுதான் ஊரிலேயே ஐம்பது பக்கம் படித்தது. கிண்டிலில் மூன்று, மூன்றே மூன்று. பயணத்தின் பெயரில் ஒரு கலெக்‌ஷன் போட்டு அதற்குள் வைத்துவிட்டு, வரிசையையும் முடிவு செய்துவிடுவேன். முதலாவது முடிந்தால்தான் இரண்டாவது. ராத்திரியில் கடையைத் திறந்து பார்ப்பதே கிடையாது. மூன்றில் ஒன்று அந்த நாட்டுக் கதையாக இருந்தால் நல்லது. துருக்கி நாவல்கள் நல்ல தமிழிலேயே மொழிபெயர்ப்பாகிக் கிடைக்கின்றன. கதையில் வரும் டீக்கடைக்கு மறுநாள் நாமே போய் உட்காரலாம், அதே இடுப்பு ஒடுங்கின கண்ணாடி டம்ளரில் டீ வரும்.

வேன் பயணத்தை மறந்துவிட்டேன். டாக்காவிலிருந்து காஜிபூர் தூரம் கம்மி, டிராஃபிக்கில் மாட்டினால் இரண்டு மணி நேரம். ஓடும் வேனில் படித்தால் எனக்குக் குமட்டும், நிறையப் பேருக்கு அப்படித்தான். அதற்கு ஒலிநூல் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மில்லுக்குள் மட்டும் காதில் எதையும் மாட்டாதீர்கள், மெஷின் சத்தம் மாறுவது காதுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இனி, தமிழ்ப் புத்தகம் அங்கே எங்கே கிடைக்கும் என்ற கேள்வி. நம் தொழில் போகும் ஊர்களில் பெரும்பாலும் எங்கேயும் கிடைக்காது. டாக்காவிலோ தாஷ்கண்டிலோ காஸியான்டெப்பிலோ தமிழ்ப் புத்தகக் கடை தேடி அலைய வேண்டாம். வழியில் கிடைக்கும். வியட்நாம், இந்தோனேசியா வேலைக்குக் கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகத்தான் பெரும்பாலும் போவீர்கள். விசா கையில் இருந்து, இடையில் ஒரு முழுப் பகல் கிடைத்தால் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள தேசிய நூலகத்துக்குப் போய்விடுங்கள். தமிழ் அந்த நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் தமிழ் நூல்களுக்கென்று தனித் தொகுப்பு உண்டு. மேல்மாடிகளில் இருக்கும் ஆய்வு நூலகத்தில் உட்கார்ந்து படிக்க அட்டை எதுவும் கேட்க மாட்டார்கள், இரவல்தான் கிடையாது. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் தமிழ்ப் புத்தகக் கடை உண்டு. மலேசிய எழுத்தாளர்களின் நூல்கள் அங்கேதான் கைக்கு வரும், கோவையில் தேடினாலும் கிடைக்காது. பாரிஸ் போனால் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பெல் பகுதி, டொராண்டோ என்றால் ஸ்கார்பரோவின் பொது நூலகக் கிளைகள். ஆனால் ஸ்பின்னிங் மெஷின் பொருத்த அங்கெல்லாம் நம்மை யார் கூப்பிடுகிறார்கள்?

தமிழ் கிடைக்காத ஊரிலும் புத்தகக் கடைத் தெருவுக்குப் போங்கள் என்பேன். படிப்பதற்கு இல்லை. வார விடுமுறையில் ஒரு மணி நேரம் புத்தகங்களுக்கு நடுவே நின்றுவிட்டு வந்தால் அன்று ராத்திரி கை தானாகப் புத்தகத்துக்குப் போகும். இதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது, எனக்கு ஒவ்வொரு முறையும் நடந்திருக்கிறது. டாக்காவில் நீல்கேத் என்று ஓர் இடம், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில். குறுகலான சந்துகளில் பழைய புத்தகமும் ஜெராக்ஸ் புத்தகமும் கூரை வரை அடுக்கியிருப்பார்கள், ஆங்கில நாவல் பேரம் பேசி வாங்கலாம். பிப்ரவரியில் அங்கே இருந்தால் பங்களா அகாடமி நடத்தும் மொழிப்போர் நினைவுப் புத்தகக் கண்காட்சியைத் தவறவிடாதீர்கள், மாதம் முழுக்க நடக்கும். 1952 பிப்ரவரி 21 அன்று வங்க மொழிக்காகச் செத்தவர்களின் நினைவாக நடப்பது அது. எனக்கு வங்காளம் ஓர் எழுத்தும் தெரியாது. கண்காட்சியில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன், ஒரு தாத்தா பேத்திக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு அட்டையை முகர்ந்து பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே நகரத்தில் விஷ்வ சாகித்ய கேந்திரா என்ற அமைப்பு பஸ்ஸில் நூலகம் வைத்து ஓட்டுகிறது. எங்கள் வேன் டிராஃபிக்கில் நிற்கும்போது பக்கத்தில் அது நின்றால் உள்ளே இருக்கும் அலமாரியை எட்டிப் பார்ப்பேன்.

ஹோ சி மின் நகரத்தில் பெரிய தபால் ஆபீஸுக்குப் பக்கத்திலேயே 2016இல் ஒரு தெருவையே புத்தகத்துக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். வண்டி வராது, இரண்டு பக்கமும் மரம், கடை, காபி. நின்றுகொண்டே படித்தாலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நீங்கள் போகும் வழியில் இஸ்தான்புல் வருமே, அங்கே ஒரு பகல் கிடைத்தால் கிராண்ட் பஜாருக்கும் பெயாசித் மசூதிக்கும் நடுவே சஹாஃப்லார் என்ற பழைய புத்தகச் சந்தை இருக்கிறது. சின்ன முற்றம், சுற்றிலும் கடை, பூனைகள். முற்றத்தில் இப்ராஹிம் முத்தேஃபெர்ரிகா என்பவரின் மார்பளவுச் சிலை ஒன்று நிற்கிறது. துருக்கி மொழிப் புத்தகங்களை அங்கே முதலில் அச்சிட்டவர் அவர்தான், 1729இல். நம்மூரில் தமிழ் எழுத்து அச்சேறியது 1578இல், கொல்லத்தில். இதை அங்கே ஒரு கடைக்காரரிடம் கைசாடையும் போன் மொழிபெயர்ப்புமாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

காஸியான்டெப்புக்கு என்ன எடுத்துப்போவது என்று கேட்டால், மேலே சொன்னதைத்தான் சொல்வேன்: ஐம்பது பக்கம் படித்த தாள் நாவல் ஒன்று, கிண்டிலில் மூன்று, போனில் குறுந்தொகை. எட்டு மணிக்குள் வீட்டுக்குப் பேசிவிட்டு, போனை அடுத்த ரூமில் அல்லது குறைந்தபட்சம் பீரோவுக்குள் சார்ஜ் போட்டுவிடுங்கள். முதல் மூன்று நாள் படிக்க முடியாது, முயற்சியே செய்யாதீர்கள், தூங்குங்கள். நான்காம் நாள் ஆரம்பியுங்கள்.

இன்னொன்று. அது பக்லாவாவுக்குப் பேர்போன ஊர். மில்காரர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டப்பா ரூமுக்கே அனுப்பிவிடுவார்கள், பிஸ்தா வைத்து, பாகு சொட்டச் சொட்ட. ஒரு கையில் அதை வைத்துக்கொண்டு இன்னொரு கையில் புத்தகம் பிடிக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். 2009இல் கொண்டுபோன அந்த நான்கில் ஒன்றின் 112, 113ஆம் பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.